எடைக்குப் போட்ட நாவல்

போன வருடம் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில், நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில் நடந்தது இது.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வயதுக்கு மீறி வாசிப்பாள். "இனிமே பெரிய புத்தகமா வாங்கிக் கொடுங்க" என்று அவளுடைய மிஸ் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பிள்ளைகளுக்கான தடித்த நாவல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் ஒரு பெண் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போனாள். அதை நம்பி உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

நாலைந்து நாளில் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, இருக்கியா?" என்று கேட்பாள். வேனில் ஏற மாட்டேன் என்று அழுவாள். சாப்பாடு இறங்கவில்லை. பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களோ, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று டாக்டரிடம்கூடக் காட்டினேன். சனிக்கிழமை காலை பீரோவுக்குப் பின்னால் பெருக்கும்போதுதான் அந்த நாவல் கிடைத்தது. ஒளித்து வைத்திருக்கிறாள். பாதியில் ஒரு பக்கம் மடித்திருந்தது. அதில், கதையில் வரும் அம்மா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

என் மேலேயே எனக்கு ஆத்திரம். அப்போதே பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு வந்து, "இனிமே அந்த புக் நம்ம வீட்ல இல்ல" என்றேன். சமாதானமாவாள் என்று பார்த்தால், ஓவென்று அழுதாள்.

"அப்போ அந்த அம்மா பொழச்சாங்களான்னு எப்படித் தெரியும்?"

"பொழச்சிட்டாங்கடா கண்ணு."

"நீ படிச்சியா?"

அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்த பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். வாசலில் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, காலைல போட்டுட்டு இப்ப வந்து கேக்கற?" என்று சிரித்தார் கடைக்காரர். "புதுசா கீதேன்னு தனியா எட்த்து வெச்சேன். இந்தா."

மகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். அந்த அம்மா செத்துப் போயிருந்தால், வெளியே காத்திருக்கும் பிள்ளையிடம் என்ன சொல்வேன்?

"இத ஊட்லயே படிச்சிட்டு போட்ருக்கலாமேம்மா?" என்றார் அவர்.

படித்திருக்கலாம்தான். வாங்கிய அன்றே படித்திருக்கலாம்.

முடிவதற்கு இரண்டு பக்கம் முன்னால், கையில் ஊன்றுகோலோடு அந்த அம்மா மகளின் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி, உதடு அசையப் படித்து முடித்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

அந்த வாரத்தில் அவள் தானாகச் சாப்பாடு கேட்டது அப்போதுதான்.

இன்றும் அவளுக்குப் பெரிய புத்தகங்கள்தான் வாங்குகிறேன், ஒவ்வொன்றையும் திறக்கும் முன் அவள் கேட்கும் "நீ படிச்சியா?"வுக்கு, "படிச்சேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிவதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது.