திருப்பி அனுப்புகிற ஜோதி

இருநூற்றுப் பதினேழு. போன வருடம் ரத்தம் கொடுக்க வந்து, "இன்னிக்கு வேணாம், போய்ட்டு அப்புறம் வா" என்று ஜோதி திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கை இது. எந்தப் போஸ்டரிலும் இந்த எண் வராது. வாங்கிய பைகளின் எண் வரும். கொடுத்தவர்களின் போட்டோ வரும். அழைத்து வந்த மன்றத்தின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். திருப்பி அனுப்பியவளின் பெயர் வராது. அது ஜோதிக்குத் தெரியும். அதில் தன் வயிறு எரிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு மருத்துவமனை. அதன் ரத்த வங்கியில் முதல் மேஜை அவளுடையது. லேப் டெக்னீஷியன், வயது நாற்பத்து நான்கு. கேள்விகள் அச்சடித்த படிவம் இருக்கிறது, டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஜோதி படிவத்தை நம்ப மாட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு வாயால் கேட்பாள்.

"பல்லு புடுங்குனியா?"

"ஷேவிங் கடையில பிளேடு மாத்துனானா, நீ பாத்தியா?"

"ஊசி போட்டுக்கினியா? யாரு போட்டது? டாக்டரா, டாக்டர் மாதிரியா?"

"ஜுரம் வந்துச்சா? ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டு, குளுந்து குளுந்து வந்துச்சா?"

வந்தவன் சலித்துக்கொள்வான். "எப்படியும் டெஸ்ட் பண்ணுவீங்கல்ல மேடம், அதுல தெரிஞ்சிடும்" என்பான். அதற்கு அவள் ஒரே பதிலைப் பதினெட்டு வருடமாக வைத்திருக்கிறாள். "டெஸ்ட்டு போலீஸ் மாதிரி. திருடன் உள்ள வந்து கொஞ்ச நாள் கழிச்சுதான் வரும். அதுக்குள்ள உன் ரத்தம் ஒரு கொழந்தைக்கு ஏறிடும்."

அவளுடைய பொறாமை விசித்திரமானது. பக்கத்து வீட்டுக்காரியின் நகையைப் பார்த்து வராது. முழங்கை மடிப்பில் ஒட்டிய சின்னப் பிளாஸ்திரியைப் பார்த்தால் வரும். வாணியம்பாடி பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் டிக்கெட்டைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். "இன்னா நரம்பு பாரு, கயிறு மாதிரி" என்று முணுமுணுப்பாள். ரத்தம் கொடுத்து எழுந்தவனுக்குப் பிளாஸ்திரி ஒட்டும்போது தேவையைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக அழுத்துவாள். பிஸ்கட்டிலும் அரசியல் உண்டு. முதல் தடவை கொடுப்பவனுக்கு கிரீம் பிஸ்கட். இருபத்தைந்து தடவையைத் தாண்டியவனுக்கு வெறும் பிஸ்கட். "இத்தினி தடவ குடுத்த புண்ணியவானுக்கு கிரீம் வேற கேக்குதா?"

காரணம் அவள் பிறந்த நெமிலியில் இருக்கிறது. ஐந்து வயதில் அவளுக்கு மலேரியா. உதடு வெளுத்து, மூச்சு வாங்கி, சாகக் கிடந்தாள். அரக்கோணத்தில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தத்தை விற்றுப் பிழைக்கும் ஆட்கள் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே காத்திருந்த காலம் அது. அப்பா ஓடிப்போய் ஒருவனைக் கூட்டி வந்தார். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தது. இருபத்தாறாவது வயதில் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே, ஆசை ஆசையாகத் தானே கட்டிலில் படுத்து ஒரு பை கொடுத்தாள். மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பை எரிக்கப் போனது. மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை. இருபத்தொரு வருடமாக உள்ளே குடியிருந்திருக்கிறது.

"ஜுரம் எறங்கிப் போச்சு. வேற ஒண்ணு ஏறிக் குந்திக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலுக்கு டெஸ்ட், தினமும் ஒரு மாத்திரை. அவ்வளவுதான். ஆனால் ஊரில் எவன் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிற ஒன்றை அவள் மட்டும் கொடுக்க முடியாது. "கெடைக்காத ஓ நெகட்டிவா இருந்தாலாச்சும் ஒரு பெருமை. என் குரூப்பு பி பாசிட்டிவ், தெருவுக்கு நாலு பேருகிட்ட இருக்கு. அதக்கூட எவனும் வாங்க மாட்டான்."

மற்ற ரத்த வங்கிகளில் கொடுப்பவர்களின் பட்டியல் இருக்கும். ஜோதியிடம் இன்னொரு நோட்டும் இருக்கிறது. திருப்பி அனுப்பியவர்களின் நோட்டு. பெயர், ரத்த வகை, என்ன குறை, எப்போது திரும்பி வரலாம், போன் நம்பர். யாரும் கேட்காமல் அவளாகவே எழுதுவது.

இனி அருணகிரி. விரிஞ்சிபுரத்துக்காரர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஓ நெகட்டிவ். நாற்பத்தொன்பது முறை கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், அதில் சந்தேகம் வேண்டாம். கூப்பிட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வருவார். அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஜோதி தினமும் பார்ப்பாள். கலெக்டர் கையால் வாங்கிய கேடயம், ரோட்டரி சால்வை, எல்லாம் பார்ப்பாள். பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடுவாள்.

ஆவணிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜார்க்கண்டிலிருந்து வந்து தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரின் மகளைக் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். சுக்மணி, நான்கு வயது. ஊருக்குப் போய்த் திரும்பிய மூன்றாவது வாரம் காய்ச்சல், மலேரியா. ரத்தத்தின் அளவு மூன்று புள்ளி நான்கு. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில். மலேரியாவுக்கு மருந்து ஊசி ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் ரத்தம் இல்லாமல் இருதயம் தாங்காது என்றார் டாக்டர் சௌந்தர்யா. வேண்டியது ஓ நெகட்டிவ். குளிர்பெட்டியில் இல்லை. வேலூரில் இருந்த ஒரே பையும் காலையில் போய்விட்டது, சாயங்காலம்தான் பார்க்கலாம் என்றார்கள். ரத்த வங்கி டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார்.

தகவல் தெரிந்து அருணகிரி வந்துவிட்டார். கூட மன்றத்து ஆட்கள் நான்கு பேர். ஐம்பதாவது தடவை. ஒருவன் பேனரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

ஜோதி பேனாவை மூடினாள். "குந்துங்கண்ணா. ஒடம்புல எங்கயாச்சும் குத்திக்கினீங்களா? காது, பச்சை, எதனா?"

"இல்ல மேடம். எல்லாம் நோ தான், எழுதிக்குங்க. கொழந்தைக்கு டைம் ஆவுது."

"ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கினீங்களே."

அருணகிரி சிரித்தார். "அது சாமி காரியம். விபூதி வச்சுக் குத்தறது. ஒரு சொட்டு ரத்தம் வரல, தெரியுமா? ரத்தமே வராதது எப்படி மேடம் குத்தனதுல சேரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். கன்னத்தில் வேல் பாய்ந்து மறுபக்கம் வந்ததை அவர் ஊசி என்று நினைக்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் அலகு குத்தும்போது எடுத்து அவர் ஸ்டேட்டஸில் போட்ட வீடியோவை ஜோதி ஒரு தடவை அல்ல, பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்திருந்தாள். இந்த ஆளுக்கு மட்டும் சாமி எல்லாத்தையும் குடுக்குதே என்கிற எரிச்சலில்தான் பார்த்தாள். பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. முன்னால் நின்றவனின் கன்னத்திலிருந்து உருவிய அலகைத் துணியில் துடைத்து, விபூதி தடவி, அதையே இவருக்கும் குத்தினார்கள்.

"ஒரே வேலுண்ணா. ஒங்களுக்கு முன்னாடி எத்தினி பேருக்குப் போச்சோ. ஆறு வாரம்தான் ஆவுது. இப்ப டெஸ்ட் பண்ணா தெரியாமப் போவலாம். அடுத்த ஆடி தாண்டி வாங்க."

பேனர் வைத்திருந்தவன் குறுக்கே வந்தான். "அங்க கொழந்த சாவக் கெடக்குது, இங்க இன்னா கோர்ட்டு? இந்தம்மாவுக்கு அண்ணன் மேல வயித்தெரிச்சல். ஊருக்கே தெரியும்."

"ஆமா, இருக்குது" என்றாள் ஜோதி. "அது வேற, இது வேற."

சொல்லிவிட்டாள். உள்ளே அப்படி இல்லை. அது வேறா, இது வேறா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு எவனுடைய வீடியோவாக இருந்திருந்தாலும் அவள் பார்த்தே இருக்க மாட்டாளே. சௌந்தர்யா வார்டிலிருந்து இறங்கி வந்தார். "ஜோதிக்கா, ரொம்ப நேரம் இல்ல. வேற ஆள் இல்லன்னா இவர எடுத்துக்கலாமான்னு யோசிங்க. ரிஸ்க் கம்மிதான?"

"கம்மிதான் மேடம். எனக்கு ஏத்தினப்பவும் கம்மின்னுதான் நெனச்சிருப்பாங்க." நோட்டை எடுத்தாள். "பத்து நிமிஷம் குடுங்க."

ஓ நெகட்டிவ் பக்கத்தில் ஐந்து பெயர். இரண்டு பேர் வெளியூர். ஒருவன் போனை எடுக்கவில்லை. ஒருத்திக்கு இப்போது கர்ப்பம். கடைசிப் பெயர் சைரா, இருபத்து மூன்று வயது, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் ரத்தம் கம்மி என்று ஜோதி திருப்பி அனுப்பினாள். கடைசி முறை அழுதுகொண்டே போனாள்.

"மூணு வாட்டி தொரத்துனீங்க. இப்ப நீங்களே கூப்புடறீங்களாக்கா?" ஸ்பீக்கர் போனில் மெஷின் சத்தத்துக்கு மேலே சைராவின் குரல் கேட்டது.

"ஆமா. கூப்புடறேன். நான் சொன்ன அயர்ன் மாத்திர முழுங்குனியா?"

"ரெண்டு மாசமா. நீங்க சொன்ன மாதிரி டீ கூட குடிக்காம. ஆனா லைன்ல ஆள் இல்ல, இப்ப கேட் பாஸ் தர மாட்டாங்க."

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அருணகிரி நிமிர்ந்தார். "எந்த லைனு?" என்றார். அவர் வேலை பார்க்கும் கம்பெனிதான். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான்கு வார்த்தை பேசினார், அதில் இரண்டு கெட்ட வார்த்தை. சைரா ஆட்டோவில் வந்து இறங்கும்போது பேனர் வைத்திருந்தவன் போயிருந்தான். அருணகிரி போகவில்லை.

ஜோதி எதையும் விடவில்லை. பல், ஊசி, ஜுரம், மூக்குத்தி எப்போது குத்தியது, எல்லாம் கேட்டாள். விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டாள். மூழ்கினால் ரத்தம் போதும், மிதந்தால் போதாது. மூன்று முறையும் சைராவின் சொட்டு மிதந்திருக்கிறது. இந்தச் சொட்டு நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு சொட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

"படு" என்றாள் ஜோதி.

பை நிறைந்துகொண்டிருந்தபோது கதவோரம் நின்ற சுக்மணியின் அப்பாவிடம் சைரா உருதுவில் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் கை கூப்பினார். அவளைப் பார்த்து மட்டும். ஜோதி ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்தவளுக்குப் பிளாஸ்திரி ஒட்டினாள், அழுத்தித்தான் ஒட்டினாள்.

"வலிக்குதுக்கா."

"வலிக்கும். கிரீம் பிஸ்கட் துன்னு."

பையை டெஸ்ட் செய்து, பிரித்து, பொருத்தம் பார்க்க மூன்றரை மணி நேரம். அவசரப்படுத்தி வார்டிலிருந்து ஆறு தடவை போன் வந்தது. ஆறு தடவையும் "இன்னும் முடியல" என்றாள். சிவப்பு அணுக்கள் மட்டும் இருந்த சின்னப் பை மேலே போனபோது மணி நான்கேகால். அருணகிரியின் ரத்தத்தில் ஏதாவது இருந்ததா? தெரியாது. பெரும்பாலும் இருந்திருக்காது. அந்தப் 'பெரும்பாலும்' ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் ஈரலில் அறுபது வருடம் குடியிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஜோதி வார்டுக்குப் போகிறவள் அல்ல. ரத்தம் யாருக்கு ஏறியது என்று போய்ப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை, பார்த்தால் அன்று தூக்கம் வராது. மறுநாள் காலை மாடிப்படி ஏறினாள். சுக்மணி ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சட்டையெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டிருந்தாள். ஜோதி குனிந்து, கட்டை விரலால் அந்தப் பிள்ளையின் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டில் முனையில் தொங்கிய அட்டையில், லேபிலிருந்து கையோடு கொண்டுவந்த புது ரத்த அளவைத் தானே எழுதினாள்.

ஏழு புள்ளி இரண்டு.