பாதி ஏறிய கம்பி

அபசுரம் காதில் விழுந்தும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பதுதான் கிதார் டீச்சர் வேலை. டியூஷன் எடுத்துப் பிழைக்கும் உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பி.காம். முடித்து, இன்டர்வியூக்களில் வாய் திறக்க முடியாமல் திரும்பிய எனக்கு, பேசாமல் வாசித்துக் காட்டினாலே போதும் என்ற இந்த வேலை பிடித்துப்போனது. கும்மிடிப்பூண்டி பஜாரில் மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருபவர்கள்.

வளைந்தால் ரிஜெக்ட்

தயாளன் இரும்புக் கம்பி தயாரிக்கும் மில்லில் இருக்கிறார். வளைந்த கம்பிக்குப் பெயிண்ட் அடித்து ஒதுக்குவது அவர் வேலை. போன ஆயுத பூஜைக்கு மில்லில் மேடை போட்டபோது கிதார் வாசித்திருக்கிறார். பாட்டின் உச்சத்தில், கம்பியை விரலால் தள்ளி வளைத்துச் சுரத்தை மேலே ஏற்ற வேண்டிய ஓர் இடம் உண்டு. இதைத்தான் நாங்கள் பெண்ட் என்போம். கிதார் கழுத்திலுள்ள கட்டங்களின் கணக்கில் இரண்டு கட்டம் ஏற வேண்டிய சுரம் ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது. கீழே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் சேகர், பாதியிலேயே நின்றுவிட்டதே என்று சத்தமாகக் கேட்டாராம். அன்றிலிருந்து தயாளனுக்குப் பெயர் பாதி. கேன்டீனில் பாதி, ஷிஃப்ட் பஸ்ஸில் பாதி, மச்சான் வீட்டு விருந்திலும் பாதி. அடுத்த ஆயுத பூஜையில் அதே இடத்தை ஒழுங்காக வாசித்து அந்தப் பெயரை அழிக்க வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார்.

ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். மோதிர விரலுக்குப் பின்னால் நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் முட்டுக் கொடுக்கச் சொன்னேன். தள்ளுவது விரல் அல்ல, மணிக்கட்டு; பூட்டில் சாவி திருப்புவதைப் போல என்று செய்து காட்டினேன். கம்பி நகர்ந்தது, சுரம் போதவில்லை. இன்னும் வளைய வேண்டும் என்றேன். கிதாரை மடியில் கிடத்திவிட்டுச் சொன்னார்: "எங்க மில்லுல கம்பி வளைஞ்சா ரிஜெக்டு. இங்க வளையலன்னா ரிஜெக்டு. மனுசன் இன்னாதான் பண்ணுவான் மிஸ்?"

காய்ச்சல்

பெண்ட் கொஞ்சம் ஏறத் தொடங்கியதும் வைப்ரட்டோவுக்குப் போனோம். அழுத்திய சுரத்தை மெல்ல அசைத்து உயிர் கொடுப்பது. தயாளன் அசைக்கவில்லை, உதறினார். ஒவ்வோர் அசைவுக்கும் கம்பி கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வர வேண்டும், வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி போவதுபோல என்றேன். அவர் அசைவுகள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கீழே மருந்துக் கடைக்காரர் பொறுமைசாலி. அன்று மட்டும் படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார். "அந்த ஒரு சத்தம் ரொம்ப நேரமா நடுங்கிக்கினே கீதும்மா. காய்ச்சல் மாத்திரை எதுனா குடுத்து அனுப்பட்டா?"

குக்கர் விசில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தயாளனின் மனைவி கோமதியும் கூட வந்தார். என்னிடம் முறையிடத்தான் வந்தார் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. போய்ச் சேர வேண்டிய சுரத்தை முதலில் வளைக்காமல் வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அது வரும்வரை கம்பியை வளையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தயாளன் காதில் வாங்கும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்திருந்தார். அவர் கூடத்தில் வளைக்க, கோமதி சமையற்கட்டிலிருந்து 'இன்னும்', 'இன்னும்' என்று சொல்ல வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதை வாசிப்பவர் காதுதான் சொல்ல வேண்டும் என்றேன். தயாளன் தலையாட்டினார். கோமதி ஆட்டவில்லை. "நான் குக்கரு விசிலு எண்றதா, இவுரு கம்பி ஏறிச்சான்னு பாக்கறதா, நீங்களே சொல்லுங்க மிஸ்."

இரவல்

தயாளன் வீட்டுக்கும் எடுத்துப்போகும் என் வகுப்புக் கிதாரில் தடித்த கம்பிகள். மில் மேடையில் வாசிக்கப்போவதோ, விழா அன்று மட்டும் சேகர் தரும் அவருடைய எலக்ட்ரிக் கிதார். அதன் கம்பிகள் மெல்லியவை, தொட்டாலே வளைபவை. ஒரு வாரமாவது அதில் பழக வேண்டும், இல்லாவிட்டால் கை பழைய பலத்திலேயே தள்ளிவிடும் என்று எச்சரித்தேன். தயாளன் சேகரிடம் இரவல் கேட்டிருக்கிறார். கிடைத்த பதிலை வருத்தமில்லாமல் அப்படியே வந்து ஒப்பித்தார்: "அறுத்துட்டீன்னா மில்லு கம்பியவாடா கட்டுவ?"

ஆயுத பூஜை

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசையில் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தயாளன் மேடை ஏறியதும் பின்னாலிருந்து 'பாதி, பாதி' என்று கோஷம். சேகர்தான் முதல் குரல்.

அந்த இடம் வந்தது. மூன்று விரல், மணிக்கட்டு, எல்லாம் சரி. ஆனால் என் தடித்த கம்பியில் பழகிய பலம். சுரம் ஏறியது, நிற்க வேண்டிய இரண்டாம் கட்டத்தைத் தாண்டி மூன்றாவது கட்டமும் ஏறியது. கோமதி பொரியைக் கசக்கிக்கொண்டிருந்தார். தயாளன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தலையைக் கிதார் பக்கம் சாய்த்தார். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திச் சுரத்தை இறக்கி, சரியான இடத்தில் நிறுத்தி, மெதுவாக அசைத்தார். ஒவ்வோர் அசைவும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனது. கோமதி 'ம்' என்றார். அவ்வளவுதான்.

கைதட்டல் அடங்குமுன் சேகர் எழுந்து நின்று, பாதி இன்றோடு ஒன்றரை ஆகிவிட்டான் என்று அறிவித்தார். கூட்டம் அதை உடனே பிடித்துக்கொண்டது. புதுப் பெயர் பின்தொடர, தயாளன் வியர்வையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை, எப்போதும் வராது. அவரே சொன்னார்: "பரவால்ல மிஸ். ஒன்னரைக்குள்ள ஒன்னு கீதுல்ல."

பாதியில் வருகிறவர்களை ஒன்றரை வரை அனுப்பி வைப்பதுதான் எங்கள் தொழில், ஒன்றில் நிற்பது அவரவர் காது விட்ட வழி.