முகம் பார்க்கவிடாத பயணம்

தம்பியின் நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் வணக்கம். நாலு பேர் முன்னே பேச எனக்குக் கூச்சம். அதனால் இந்த நினைவு மலரில் எழுதித் தருகிறேன்.

தம்பி, கோலா சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவருக்குச் சோறு ஊட்டியது என் கைதான். பள்ளி முடித்ததும் பட்டணத்துத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கைராசிக்காரர். அவர் எடுத்து வந்த சேலை கடையில் தங்காது. அதனால் முதலாளி அவரையே சரக்கு எடுக்க அனுப்பினார். சூரத், சென்னை, பாங்காக், குவாங்சோ என்று அலைந்தார். பெண் பார்க்க நாள் குறித்தால், அன்றைக்கு ஒரு பயணம் வந்து நிற்கும். கடைசிவரை கல்யாணம் கட்டவில்லை.

"பிளேன்ல ஜன்னல் பக்கமாடா உக்காருவே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தூங்குறவனுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னாக்கா? எறங்குனா மார்க்கெட், மார்க்கெட்ட விட்டா ஏர்போர்ட். நான் பாத்த பாங்காக்கு பூரா துணி மூட்டைதான் லா" என்று சிரித்தார்.

போன தீபாவளிச் சரக்குக்குப் புறப்படும் முன் நெஞ்சை அடைக்கிறது என்றார்.

"மொதலாளிகிட்ட சொல்லேன்டா."

"சொன்னேன்க்கா. போயிட்டு வந்து பாத்துக்கலாம்னுட்டாரு."

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது நம் வீட்டில் ஆகாது. போன காரியம் கெடும் என்பார்கள். எந்த ஊர் என்று தெரியாமலே வழியனுப்பினேன்.

ஓட்டல் அறையில் தம்பி இறந்துவிட்டதாக முதலாளிதான் தொலைபேசியில் சொன்னார்.

"எந்த ஊருங்க ஐயா? வீட்டுக்குக் கொண்டாந்துடுங்க. மொகத்தப் பாத்து வாய்க்கரிசி போடணும்" என்று அழுதேன்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்றார்.

வந்தது சாம்பல். கூடப் போன கடை மேனேஜர், இவருக்குச் சொந்தம் யாரும் இல்லை என்று சொல்லி அங்கேயே எரித்துவிட்டார். "சீசன் நேரம்மா, கொண்டாந்தா ரொம்ப நாளாகும்" என்றார் முதலாளி. சரக்கு மட்டும் தீபாவளிக்கு முன்பே ஒழுங்காக வந்து சேர்ந்தது.

கேள்விப்பட்டதும் ராசா என்ற ஊரிலிருந்து ஓடிவந்த சித்தப்பா மகன், சாம்பல் கரைக்கப் படகு கொடுத்த மீனவர், காரியம் செய்துவைத்த பண்டாரம், வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சமைத்துக் கொண்டுவந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முதலாளிக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இந்த மலரின் பின்னட்டைக்குக் கடை விளம்பரம் தருவதாக ஆள் அனுப்பினார். வேண்டாம் என்றேன். அங்கே தம்பியின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.