பெட்டிக்குள்ளும் அதே எழுத்து வேண்டும் என்று நின்றது

அன்று கடையில் நான்கு பேர் இருந்தோம்: நான், கவர் ஒட்டிக்கொண்டிருந்த என் மனைவி, எங்கள் வெப்சைட்டைச் செய்து கொடுத்த தம்பி, கல்யாணப் பத்திரிகைக்கு முன்பணம் கொடுத்திருந்த, மணப்பெண்ணின் அப்பா.

சேலையூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு பிரஸ்ஸுக்கு வந்த எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் வித்தை எங்கள் பழைய தமிழ் ஃபான்ட். ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் விழும். அழகென்றால் அதுதான் அழகு. வெப்சைட்டிலும் அதையே கேட்டேன். தம்பி பக்கம் முழுக்கப் போட்டான். ஆட்கள் விவரம் நிரப்புகிற பெட்டிக்குள் மட்டும் வேறேதோ ஒல்லி எழுத்து. பத்திரிகையும் இப்படித்தான் வருமோ என்று வருகிறவர்கள் ஓடிவிட்டால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போன் போட்டேன்.

"பெட்டிக்குத் தனியா சொல்லணும்ணா. சொன்னா வேற வம்பு வரும்."

"வரட்டும், போடு."

போட்டான். போனில் தமிழில் அடித்தால் அதே ஒல்லிதான். அந்தத் தமிழ் வேறு வகையாம், எங்கள் ஃபான்ட்டுக்கு அது தெரியாதாம். ஆங்கிலத்தில் அடித்ததுதான் கன்னாபின்னாவென்று தமிழாகிப் போனது.

பெண்ணின் அப்பா அந்தப் பெட்டிகளை நிரப்பி, திரையைப் படமெடுத்து, சரிபார்க்கச் சொல்லி கேளம்பாக்கத்துச் சம்பந்திக்கு அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை டாக்டர். M.B.B.S. இருக்க வேண்டிய இடத்தில் ஆ.டீ.டீ.ளு. என்று இருந்தது.

"ரெண்டு டீ குடிச்சா பட்டம் குடுத்தாங்கன்னு கேக்கறாருப்பா சம்பந்தி. சிரிச்சிக்கிட்டேதான் கேக்கறாரு. எனக்குத்தான் சிரிப்பு வரலை."

"அச்சுல சரியா வரும் சார்."

"பெட்டியிலயே வராதது அச்சுல எப்படி வரும்?"

அதே பயத்தில்தானே தம்பியின் உயிரை எடுத்தேன்.

"அழகு வேணும்னு நின்னீங்கல்ல, இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க," என்றாள் மனைவி, கவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி லேப்டாப்பைத் திறந்து, பெட்டிக்கென்று சேர்த்திருந்த ஒரே ஒரு வரியை நீக்கினான். "இப்ப பாருங்க சார்." M.B.B.S. ஒழுங்காக இருந்தது. அவர் பார்க்கவில்லை.

"வேற இடத்துல அடிச்சுக்கறேன். அட்வான்ஸைக் குடுத்துடு."

அட்வான்ஸ் எட்டாயிரம். அதைத்தான் வெப்சைட்டுக்கென்று தம்பியிடம் கொடுத்திருந்தேன். கல்லாவைத் துடைத்ததில் மூவாயிரம் தேறியது. அவருக்குத் தர வேண்டியது இன்னும் ஐயாயிரம் ரூபாய்.