பந்து வந்தால் பேச வேண்டும்

கழிப்பறை கழுவுகிறவளுக்கு எதைப் பார்த்தும் குமட்டாது என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குக் குமட்டும். ஆனால் வேலையில் அல்ல. வேலை முடிந்து, கைகால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு போய் உட்காருகிற எழுத்தறிவு வகுப்பில்தான் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது.

பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற அறை அது. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். பெரியவர்களெல்லாம் வட்டமாக உட்கார வேண்டும். டீச்சர் கையில் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து. அதை யார் மடியில் போடுகிறாரோ அவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். பேசுவதற்குத் தலைப்பு உண்டு. டீச்சர் ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நாள் மழை, ஒரு நாள் கோபம், ஒரு நாள் சுத்தம். சுத்தத்தன்று ஒரு கழிப்பறைப் படத்தைக் காட்டி, "இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்று அவளிடமே கேட்டார் அந்தப் புண்ணியவதி.

"வேலை பாக்கி இருக்குன்னு தோணுது," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கை தட்டினார்.

"முதல்ல பேசுவோம். பேசினதை எழுதுவோம். எழுதினதைப் படிப்போம்." இதுதான் டீச்சர் தினமும் சொல்கிற மந்திரம். பேசி முடிப்பதற்குள் வாட்ச்மேன் வந்து கதவருகில் சாவிக்கொத்தைக் குலுக்குவார். எழுதுவதும் படிப்பதும் நாளைக்கு என்பார்கள். நாளைக்கு வேறு அட்டை வரும். வந்ததிலிருந்து இப்படியே மாதங்கள் ஓடிவிட்டன. அ, ஆ என்று ஐந்தாறு எழுத்து தெரியும், அவ்வளவுதான். ஆனால் கோபத்தை அடக்குவது எப்படி என்று கேட்டால் அந்த வட்டத்தில் இருக்கிற யாராக இருந்தாலும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

பேச அவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்க வேண்டும்? மூட்டை தூக்குகிறவர் தன் மச்சானைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். குடை ரிப்பேர் செய்கிறவர் எதைச் சொன்னாலும் "நூத்துக்கு நூறு உண்மை" என்று தலையாட்டுவார். அவளுடைய நாத்தனாரோ அங்கே மகாராணி. பந்து மடியில் விழுந்தால் போதும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடை ஏறிய தலைவர் மாதிரி பொரிந்து தள்ளுவாள். கரும்பலகையில் அவள் பெயரை எழுதிக் காட்டினால் அது யாருடைய பெயர் என்று அவளுக்குத் தெரியாது. சீ!

நாத்தனார் எப்படியோ, அவள் இங்கே வந்தது பேசுவதற்கல்ல. மூக்கு போனதால் வந்தாள்.

பேருந்து நிலையத்தின் பின்பக்கக் கழிப்பறைகளை அவளும் நாத்தனாரும் சேர்ந்துதான் கழுவுகிறார்கள். முன்பெல்லாம் ஆசிட் சிவப்புக் கேனில் வரும், பிளீச்சிங் தண்ணீர் நீலக் கேனில் வரும். இரண்டும் ஒன்று சேரக் கூடாது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பிறகு எந்த மகானுக்கு என்ன தோன்றியதோ, இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேனில் வர ஆரம்பித்தன. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொண்டார்கள். நாள்பட்ட பழக்கம், தப்பாமல்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்த ஒரு காலையில் தப்பியது. பிளீச்சிங் ஊற்றி ஊறப்போட்டிருந்த கழிப்பறைப் பேசினில், பிளீச்சிங் என்று நினைத்து ஆசிட்டை ஊற்றிவிட்டாள். குப்பென்று கிளம்பிய புகையில் நெஞ்சு எரிந்தது, கண் இருண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது சளி போயிருந்தது. கூடவே வாசனையும் போயிருந்தது.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "லேபிள் ஒட்டியிருக்குல்ல? படிச்சுப் பாத்து ஊத்த வேண்டியதுதானே?" என்றார். அவர் சட்டையில் சென்ட் மணந்திருக்கும், அவளுக்குத் தெரியவில்லை.

வாசனை போனதைக் கேட்டவர்களெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "உன் வேலைக்கு இது வரம். கொடுத்து வச்சவ." சொன்னவர்களின் வாயில் பினாயில் ஊற்ற வேண்டும் போல இருந்தது அவளுக்கு. சோறு தீய்ந்தால் தெரியவில்லை, பேரன் தலையை முகர்ந்தால் ஒன்றுமில்லை. நாற்றம் இருந்தபோது ஓர் இடம் சுத்தமாகிவிட்டதா என்று மூக்கே சொல்லிவிடும். இப்போது எத்தனை முறை தேய்த்தாலும் முடிந்த மாதிரியே இருப்பதில்லை. அந்த அருவருப்பு யாருக்குப் புரியும்?

அன்றிலிருந்து கேனைத் திறந்து முகர்ந்து சொல்வது நாத்தனாரின் வேலை ஆயிற்று. "இது ஆசிட் அண்ணி, இது மத்தது." அப்படியே ஓட்டினார்கள். இப்போது அதற்கும் வந்தது வேட்டு. திங்கட்கிழமையிலிருந்து நாத்தனாரை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவளோடு புதிதாக யாரோ வரப்போகிறார்கள். வருகிறவளை நம்பி இன்னொரு முறை நெஞ்சு எரிய அவள் தயாராக இல்லை. அதற்குள் லேபிளில் இருக்கிற அந்த இரண்டு வார்த்தைகளை மட்டுமாவது படிக்கத் தெரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பையில் இரண்டு வெள்ளைக் கேன்களையும் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றைய அட்டையில் ஒரு மண்டையோட்டுப் படம். தலைப்பு ஆபத்து. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பந்தும் முதலில் அவள் மடியில்தான் விழுந்தது. நடந்ததைச் சொன்னாள். சளி, புகை, நெஞ்செரிச்சல், மூக்கு என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுக் கேன்களை எடுத்து முன்னால் வைத்தாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ அருமையா பேசினீங்கம்மா! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். கதவருகில் நின்று பெண்டாட்டி செத்த கதையைச் சொன்ன அன்றைக்கு வாட்ச்மேனுக்கும் இதே மாதிரிதான் தட்டினார்கள்.

"கை தட்டு வேணாம் டீச்சர். இதுல என்ன எழுதியிருக்குன்னு கத்துக்கொடுங்க. ரெண்டே வார்த்தை."

"கட்டாயம் கத்துக்கலாம்மா. மத்தவங்களும் மனசுல உள்ளதைச் சொல்லட்டும், அப்புறம் எழுதலாம். சரி, எல்லாரையுமே கேட்டுடுவோம். பேச்சைத் தொடரலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

மூட்டை தூக்குகிறவர் கை தூக்கினார். குடைக்காரர் நூற்றுக்கு நூறு தூக்கினார். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று. எழுத்து என்றாலே அத்தனை பேருக்கும் உள்ளங்கை வியர்க்கும், பேச்சு என்றால் நிழலில் உட்கார்ந்த சுகம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கடைசியாக நாத்தனாரின் கையும் மேலே போனதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேனைத் தினமும் முகர்ந்து சொல்கிறவள்! திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரிந்தவள்!

அவள் எழுந்தாள். ஒரு கேனை இழுத்து மூடியைத் திறந்து வட்டத்தின் நடுவில் வைத்தாள்.

அவளுக்கு வாசனை ஒன்றும் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். "அண்ணி, மூடுங்க அண்ணி! அது ஆசிட்டு!" என்று நாத்தனார் கத்தினாள். டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"மூடுங்கம்மா, தயவுசெஞ்சு!"

"லேபிளைப் படிச்சு, போர்டுல எழுதிக் காட்டுங்க. மூடறேன்."

"எழுதறேன், எழுதறேன்!"

மூடினாள். டீச்சர் உள்ளே வந்து கரும்பலகையில் எழுதினார். அமிலம். அதன் கீழே, வெளுப்பான். வாழ்நாளில் யாரும் வாயால் சொல்லி அவள் கேட்டிராத சொற்கள். எத்தனை மாதம் வட்டமாக உட்கார்ந்து பேசியிருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட அந்த அறைக்குள் வந்திருக்காது. மற்றவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். வாட்ச்மேன் சாவியைக் குலுக்கும்வரை அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். இரண்டு வார்த்தைக்காக இத்தனை பேர் மூச்சைத் திணறடிக்க வேண்டியிருந்ததை நினைத்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

வெளியே நாத்தனார் காத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. இருவரும் இரண்டு தெரு தாண்டினார்கள்.

"எதுக்குடி கை தூக்குன?" என்று கேட்டாள் அவள்.

"அடுத்த பந்து எனக்கு வரும்னு பாத்தேன்."

"பந்தாம் பந்து! வந்து என்ன கிழிக்கப்போற?"

"அன்னைக்கு புகைக்குள்ள பூந்து உங்களை வெளிய இழுத்துட்டு வந்தது யாரு அண்ணி? எனக்குந்தான் நெஞ்சு எரிஞ்சுது. முழுக் கதையும் சொன்னீங்க, அதைச் சொல்லலையே."

அவள் பையைக் கீழே வைத்தாள். நாத்தனார் குனிந்தாள். கேன் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு காதாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

திங்கட்கிழமை புதிதாக வந்தவளுக்கு அவள் வயதே இருக்கும். சாமான் அறையில் விளக்கைப் போட்டதும், அங்கே ஏற்கெனவே பத்து வருஷம் வேலை பார்த்தவள் போல ஒரு கேனின் மூடியைத் திருகி மூக்கைக் கொண்டுபோனாள். அவள் பாய்ந்து, வந்தவளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, என்னங்க இது! எதுன்னு முகர்ந்து பாக்க வேணாமா?"

"மூக்கு வச்சது போதும். எழுத்தைப் பாரு."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"எனக்கும்தான் தெரியாது," என்றாள் அவள், லேபிளின் முதல் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு. "இந்த ரெண்டு வார்த்தை மட்டும் தெரியும். இப்படி உக்காரு."