பஜ்ஜி ஆறும்வரை தடுப்பாட்டம்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வரன்களையும் விரட்டியது என் வாய்தான் என்பது எங்கள் வீட்டின் ஏகமனதான தீர்ப்பு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன். புது மாடல்களுக்கு அளவெடுத்து அட்டை வெட்டுவது என் வேலை. "கல்யாணத்துக்கப்புறம் அந்தத் தோல் நாத்தமெல்லாம் வேணாம்" என்றார் ஒரு மாப்பிள்ளையின் அப்பா. "வாசல்ல கெடக்குற உங்க ஷூவும் அதே தோலுதான், வேணாம்னா விட்டுட்டுப் போங்க" என்றேன். மறக்காமல் போட்டுக்கொண்டுதான் போனார்.

மூன்றாவது வரன் காட்பாடி பக்கம் சத்துவாச்சாரிக்காரர். அவரோடு போனில் பேசியிருந்தேன், பிடித்துப்போயிருந்தது. சிக்கலே அதுதான். வேலையை விடச் சொல்வார்கள் என்று தரகர் முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும். வாயைத் திறந்தால் இரண்டில் ஒன்று போய்விடும் என்று பயமாக இருந்தது.

பயிற்சி கொடுத்தது என் தங்கை. காட்பாடியில் படிக்கிறாள், பாதி நேரம் டிவி முன்னால் சண்டை கேம்தான். அவளிடம் நான் ஜெயித்ததே இல்லை. ஒரு குத்து விழுந்தவுடனே கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்குவேன்.

"அக்கா, இது வெளையாட்டு இல்ல, தொவையல் அரைக்கிற" என்பாள். "அவன் அடிக்கிறப்போ பட்டன்மேல கைய வைக்காத. ஸ்டிக்கப் பின்னாடி அமுக்கிப் புடி, கார்டு போட்டுக்கும், அடி மேல விழாது. அடிச்சி அடிச்சி அவனே ஓய்வான். அப்போ ஒண்ணு குடு, போதும்."

அந்த வாரம் முழுக்க கார்டு போட்டுப் பழகினேன். அடி கொஞ்சம் குறைந்தது. உடனே அவள் என் ஆளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் போட்டாள்.

"இன்னாடி இது? கார்டுதானே போட்டுட்டிருந்தேன்!"

"சும்மாவே கார்டு போட்டுட்டிருந்தா புடிச்சித் தூக்குவாங்கக்கா. அவங்க கை வைக்கிற அந்த நேரத்துல நீயும் புடிக்கணும். ரெண்டு பேரும் விலகிடுவீங்க."

இந்தப் பாடம் மட்டும் சரியாக மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவேயில்லை. அவருடைய அம்மா கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் மாப்பிள்ளையின் அத்தை. சமையல் தெரியுமா, ஏன் இவ்வளவு ஒல்லி, கண்ணாடி போட்டு எத்தனை வருஷம், ஷூ கம்பெனியில் ஆம்பளைங்க ஜாஸ்தியா என்று மூச்சுவிடாமல் கேட்டார். நான் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்", "ஆமாம்", "இல்ல" என்று மட்டும் சொன்னேன். கழுத்தில் வியர்வை ஓடியது. கதவோரம் நின்ற தங்கை பெருமையாகப் பார்த்தாள். அம்மா, இது தன் வயிற்றில் பிறந்ததுதானா என்பதுபோல் பார்த்தாள். தட்டில் பஜ்ஜி ஆறிப்போனது.

அத்தை ஓய்ந்து காபியை எடுத்தார். நான் மூச்சு விட்டேன்.

"பொண்ணு எதுத்து ஒரு வார்த்த பேசல. அப்போ வேலைய விட்டுடும். நாள் பாத்துடலாமா சம்பந்தி?"

அப்பாவின் வாயெல்லாம் பல். காலண்டரை எடுக்க எழுந்தே விட்டார். அவ்வளவு அழகாகத் தடுத்தாடி, அலுங்காமல் தூக்கிப் போடப்பட்டிருந்தேன். தங்கை கண்ணை உருட்டினாள்.

"வேலைக்குப் போவேன் அத்தை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காட்பாடியில ரயில் ஏறினா ஆம்பூர்ல எறங்கிடலாம். உங்க வீட்டுக்கு வர்றதுக்கும் எனக்கு ஆசைதான்."

அத்தை டம்ளரைக் கீழே வைத்து, "வீட்டுக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அப்பா காலண்டரைத் திரும்ப மாட்டினார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு நிதானமாகவே சமையலறைக்கு நடந்தேன்.

கை கழுவுகிற சாக்கில் மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தார்.

"நானும் வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில மெஷின்ல உக்காந்தவதான்" என்றார். "என்னப் பாக்க வந்தப்போ, வேலைய விட்டுடுவான்னு எங்கப்பா சொல்லிட்டாரு. எனக்கு வாய் வரலம்மா." குழாயை மூடினார். "நீ போ வேலைக்கு. அவங்கள நான் பாத்துக்கிறேன்."

அதுவரை கட்டிக்காத்த நிதானமெல்லாம் போய், ஓவென்று அழுதுவிட்டேன். அவர் ஈரக் கையாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் இருந்தவர்களுக்கு அன்று இரண்டாவது காபி வெகுநேரம் கழித்துத்தான் போனது.