பேர் போட மறுத்த நுன்ஸியா

மொன்டெகூப்போவில் ஒருவர் செத்தால் முதலில் தெரிவது நுன்ஸியாவுக்கு. பாதிரியாருக்கு அப்புறம்தான். நகராட்சி அலுவலகத்துக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு.

அங்கே சாவு என்றால் சுவரில் கறுப்புக் கட்டம் கட்டிய தாள் ஒட்ட வேண்டும். ஒட்டாதவரை செத்தவர் செத்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, எல்லாம் இருக்கும். பட்டப்பெயரும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எந்த ரோக்கோ, யாருடைய ரோக்கோ என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொள்ளும். கீழே 'துயரத்துடன் அறிவிப்பவர்கள்' என்று மனைவி, மக்கள், மருமக்கள் வரிசை. அந்த வரிசையில் ஒரு மருமகன் பேர் விட்டுப்போனால் போதும், பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தத் தாளை அச்சடிப்பவள் நுன்ஸியா. பசை வாளியையும் ஏணியையும் மூணு சக்கர வண்டியில் போட்டுக்கொண்டு போய்ச் சுவர் சுவராக ஒட்டுபவளும் அவளேதான். மொன்டெகூப்போவுக்கும், ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரிப்பாவெர்தேவுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான்.

வயது ஐம்பத்திரண்டு. குட்டையான உருவம், பருத்த கைகள். அப்பா விட்டுப்போன அச்சுக்கூடத்தை இருபது வயதில் எடுத்துக்கொண்டாள். கானியோ என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டியவன். வாய் மூடாத பிறவி. வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதை அவனே பேசிவிடுவதால் நுன்ஸியாவுக்குப் பேச்சுக் குறைந்துபோனது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். தொழில் அப்படி. ஆஸ்பத்திரியில் அப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே வந்து வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு. சவேரியோ என்ற கிழவருக்கு அப்படித்தான் அவர் மகன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தான். கிழவர் எழுந்து உட்கார்ந்து, வீடு திரும்பி, இன்னும் பதினொரு மாசம் இருந்தார். அந்தப் பதினொரு மாசமும் அவருடைய சாவுத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டே தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொன்னாள் நுன்ஸியா. கானியோவுக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்டவளைத்தான் கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்தார்கள்.

அந்த நாட்டில் கொலை வழக்கென்றால் இரண்டு நீதிபதிகளோடு பொதுமக்களில் ஆறு பேரும் உட்கார வேண்டும். ஊரூராகப் பட்டியல் எடுத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் பட்டியலில் பேர் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழ் வாழ்க்கையில் ஒருதடவையாவது எதற்காவது உதவட்டுமே என்று கொடுத்து வைத்தாள். உதவியது, நன்றாகவே உதவியது!

வழக்கு ஜெரார்தோ கொலை வழக்கு. ரிப்பாவெர்தேக்காரன், நிலம் அளப்பவன், இருபத்தொன்பது வயது. ஒலிவத் தோப்புக் கொட்டகையில் சுடப்பட்டுக் கிடந்தான். கூட்டாளி தியோதோசியோவோடு ஒரு நிலத்தை வைத்து அவனுக்குத் தகராறு இருந்தது. அடக்கத்தன்றே, சவப்பெட்டி கோயிலைவிட்டு வெளியே வருவதற்குள், தியோதோசியோதான் கொன்றான் என்று மாவட்டம் முழுக்க முடிவாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் வெள்ளை வேனைத் தோப்புப் பக்கம் பார்த்ததாக ஓர் ஆட்டுக்காரன் சொன்னான். கோர்ட்டில் வந்து நின்றதும், வெள்ளை வேன்தான், ஆனால் யாருடையது என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றான். துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஜெரார்தோவின் சாவுத் தாளை அச்சடித்ததே நுன்ஸியாதான். முதல் நாளே தலைமை நீதிபதியிடம் அதைச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படிப் பாத்தா இந்தப் பக்கத்துல செத்தவங்க எல்லாருமே உங்களுக்குச் சொந்தம்தான். உட்காருங்க" என்றார். கடைசி நாள், கதவைச் சாத்துவதற்கு முன்னால், இன்னொன்றும் சொன்னார். "யார் எப்படி வாக்களிச்சாங்கன்னு இந்த ரூமைத் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாது. புருஷன்கிட்டயும் கூடாது, பாவமன்னிப்புக் கூண்டுலயும் கூடாது."

பதினாலு மாசம் செவ்வாய்க்கிழமை தவறாமல் கேட்டார்கள். ஒன்பது மணி நேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்து, தோளில் மூவண்ணப் பட்டையோடு எட்டுப் பேரும் வரிசையாக நிற்க, தலைமை நீதிபதி வாசித்தார். ஆதாரம் போதாது, விடுதலை.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சுகள் கவிழ்ந்தன. "வெக்கங்கெட்டவங்களா! வெக்கங்கெட்டவங்களா!" என்று கத்தினார்கள். ஜெரார்தோவின் அம்மா வின்சென்ஸா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. எட்டுப் பேரையும் போலீஸ்காரர்கள் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். அன்றைய செய்தியில் நுன்ஸியாவின் முகம் ஒழுங்காக விழுந்தது. பொதுமக்களில் மற்ற ஐந்து பேரும் தலை குனிந்திருந்தார்கள். இவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒரு குற்றமா? ஆயிற்று.

மறுநாள் காலை கடைவீதி காபிக் கடைக்குப் போனாள். அந்த ஊரில் காபி குடித்துவிட்டுப் பணத்தை நீட்டினால், கடைக்காரர் பெரும்பாலும் கையை ஆட்டிவிடுவார். உள்ளே இருக்கிற தெரிந்தவர் யாராவது முன்பே கொடுத்திருப்பார்கள். யார் என்று கேட்கவும் கூடாது. முப்பது வருஷமாக நுன்ஸியா கொடுத்த காபியும் குடித்த காபியும் அப்படி. அன்றைக்குக் கடையில் ஒன்பது பேர் இருந்தார்கள். கடைக்காரர் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். பேச்சு நின்றிருந்தது. நுன்ஸியா பாதிக் காபியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதற்குள் மற்ற ஐந்து பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சட்டம் தெரிந்தவர்கள், நேரடியாகச் சொல்வார்களா? ஒருவர் மீன் கடைக்காரர் லூச்சோ. மீனை வெட்டிக்கொண்டே, "நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க. ஆனா எனக்கும் பிள்ளை இருக்கு" என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவு போதும், லூச்சோ தண்டனைக்குத்தான் வாக்களித்தார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் ஐந்து பேரும் சுத்தமாகிவிட்டார்கள்.

கானியோவால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் விரலை மடக்கினான்.

"மொத்தம் எட்டு பேர். அதுல அஞ்சு பேர் தண்டனைன்னா, அந்தப் பய இந்நேரம் உள்ளல்ல இருக்கணும்? யாரோ புளுகுறாங்கடி!"

"சாப்பிடு. ஆறிப்போகுது."

"நீ எப்படிப் போட்டே? எங்கிட்டயாவது சொல்லு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீயா? நீ தண்ணி லாரி ஓட்டுன காலத்துல லாரிக்கு முன்னாடி உன் பேச்சுதான் தெருவுக்கு வந்து சேரும்."

"சரி, சொல்லாதே. லூச்சோ மாதிரி ஒரு பெருமூச்சாவது விட்டுத் தொலையேன்! பெருமூச்சுக்குச் சட்டத்துல தண்டனை இருக்கா?"

நுன்ஸியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்படி வாக்களித்தாள் என்று கட்டிய புருஷனுக்கே சொல்லாதவள் நமக்கு மட்டும் சொல்லிவிடுவாளா? ஐந்து பேரும் உள்ளே என்ன பேசினார்கள், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியும். லூச்சோவின் பெருமூச்சைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை போதும், ஊர் திரும்பவும் கிடைத்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கையைத் தூக்கிச் சத்தியம் செய்திருந்தாள்.

இரண்டாவது வாரம் முடிதிருத்தகம் வைத்திருக்கும் எஜீதியோ அச்சுக்கூடத்துக்கு வந்தான். தீர்ப்பை எதிர்த்து ஆரம்பித்த போராட்டக் குழுவுக்குத் தலைவன் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரிப்பாவெர்தேவிலிருந்து இங்கே ஊர்வலம், வாராவாரம் நடக்கும், முன்னால் வின்சென்ஸா வருவாள் என்றான். சுவரில் ஒட்ட ஒரு தாள் வேண்டுமாம். எழுதிக் கொண்டுவந்ததை நீட்டினான். கறுப்புக் கட்டத்துக்குள், 'நம்மை விட்டுப் பிரிந்தது நீதி. துயரத்துடன் அறிவிப்பவர்கள்' என்று போட்டு, கீழே அறுபது எழுபது பேர்.

நுன்ஸியா வாசித்துப் பார்த்தாள். "தேதி தப்பு. தீர்ப்பு பன்னெண்டாம் தேதி. நீ பதிமூணுன்னு எழுதியிருக்கே."

எஜீதியோ அவள் மறுப்பாள் என்று சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். கொஞ்சம் தடுமாறினான். "அப்ப அடிப்பீங்களா?"

"சாவுத் தாள் அடிக்கிறது என் தொழில். யாருக்குன்னு நான் கேக்கறதில்ல."

"நுன்ஸியாக்கா," அவன் குரல் இறங்கியது. "உங்க பேரையும் கீழே சேத்துடறேன். நீங்க ஒண்ணும் வாயைத் திறக்க வேண்டாம். பேர் மட்டும் இருக்கட்டும். ஊர் புரிஞ்சுக்கும். பழையபடி ஆயிடும்."

நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். பன்னிரண்டு வருஷமாக அவன் கடைக்குத்தான் கானியோ முடிவெட்டிக்கொள்ளப் போகிறான். நுன்ஸியா தாளை மேசைமேல் வைத்தாள்.

"என் பேர் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

தேதியைத் திருத்தி அச்சடித்தாள். இருநூறு தாளையும் அவளே ஒட்டினாள். ஏணியில் ஏறிப் பசை தடவும்போது, கீழே நின்று பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அவள் பேர் இல்லை என்றதும் எல்லாருக்கும் விடை கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு கிழவி செத்தாள். தாள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து வந்தது. அடுத்த சாவுக்கும் அப்படியே. முப்பது வருஷத்தில் முதல்முறையாக, ஊரில் யார் செத்தார்கள் என்று நுன்ஸியா சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மூன்றாவது மாசம் ஒரு வியாழக்கிழமை காலை வின்சென்ஸா வந்தாள். தனியாக, பஸ்ஸில். மூன்று வருஷமாக உடுத்தும் அதே கறுப்பு உடை. நுன்ஸியா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள், திட்டட்டும் என்று நினைத்தாள்.

"அஞ்சு பேரும் வீட்டுக்கு வந்தாங்க," என்றாள் வின்சென்ஸா. "ஆளுக்கு ஒரு நாள். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எல்லாரும் என் பிள்ளை பக்கம்தானாம். நான் படிக்காதவதான், ஆனா எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்."

வின்சென்ஸா உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒருத்திதான் வரல. அதனாலதான் உங்கிட்ட வந்தேன். நீ எப்படிப் போட்டேன்னு கேக்கல. உள்ள என்ன பேசினீங்கன்னும் வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவன்தான் என் பிள்ளையைக் கொன்னானா?"

சத்தியத்தை மீறாமல் இதற்குப் பதில் சொல்லலாமா என்று நுன்ஸியா யோசித்திருக்க வேண்டும். யோசித்தாளோ என்னவோ, எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "பதினாலு மாசம் ஒரு வார்த்தை விடாம கேட்டேன். எனக்குத் தெரியல."

வின்சென்ஸா தலையை ஆட்டினாள். மடியில் இருந்த கைப்பையைத் திறந்து மூடினாள்.

"எனக்கும் தெரியாது," என்றாள்.

நுன்ஸியா நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருஷமா ஆளாளுக்கு வந்து அவன்தான், அவன்தான்னு சொல்றாங்க. நானும் அவன்தான்னு சொல்லிட்டிருக்கேன். பெத்தவளே தெரியலன்னு சொன்னா ஊர் என்னை என்ன சொல்லும்? அவன் இல்லன்னா, செஞ்சவன் யாரோ தெருவுல நடமாடறானே. தினம் எனக்கு வணக்கம்கூடச் சொல்லுவானோ என்னவோ. அதை நினைச்சா சோறு இறங்கல நுன்ஸியா." எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள். "நான் சொன்னதை யாருகிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்க்கா."

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வழக்கம்போல அச்சுக்கூடத்து வழியாக வந்தது. இப்போது முன்னைவிடக் கூட்டம் குறைந்திருந்தது, நூறு பேர் இருக்கலாம். முன்னால் மகனின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வின்சென்ஸா. கடை வாசலில் நின்ற நுன்ஸியாவைப் பார்த்ததும் நின்றாள். கூட்டமும் நின்றது. "வெக்கங்கெட்டவளே!" என்று கத்தினாள் வின்சென்ஸா. பின்னால் நூறு பேரும் கத்தினார்கள்.

கானியோவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பாத்தியா அந்தம்மாவை! உன் மூஞ்சிக்கு நேரா! இன்னும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே, ஏதாவது சொல்லேன்டி!"

"பெத்தவ," என்றாள் நுன்ஸியா. "கத்தட்டும்."

ஊர்வலம் முழுக்கக் கடந்து போகும்வரை அவள் வாசலைவிட்டு உள்ளே போகவில்லை.